ஆட்டுக்கல் ஏறிய வண்டி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, மலை மேல் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அந்த வாயால்தான் கல்யாணமான எட்டாம் நாளே ஒரு சபதத்தைப் போட்டு, ஒன்றரை வருஷம் அதில் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

எங்கள் அப்பா கொல்லிமலைக்காரர்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே பிழைப்புக்காகக் கீழே இறங்கி, அடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம் குடியேறிவிட்டார். அதனால் நான் வளர்ந்ததெல்லாம் சமதரை. ஆனால் மாமன் மகன் இருந்தது மலை மேல், குண்டனி நாடு என்கிற பகுதியில். சாமை, மரவள்ளி, மிளகுக்கொடி, அன்னாசி என்று பாடுபடுகிற குடும்பம். முறைப் பையன் என்று அவருக்கே என்னைக் கட்டிவைத்தார்கள். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. கல்யாணப் பெண்ணாகிய நான் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலையில் தொடங்கி பொழுது சாயும் வரை நடந்தே ஏறினேன். வழியில் அட்டை கடித்தது. முட்டி வீங்கிப் பூசணிக்காய் மாதிரி ஆனது. கூட வந்த மலைப் பெண்கள் தலையில் மூட்டையை வைத்துக்கொண்டு, கைவீசி, கதை பேசிக்கொண்டு போனார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுவீட்டுக்குக் கீழே வந்ததும் அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

"இனி என்ற காலு அந்த மலையில பட்டா என்ற பேரை மாத்திக் கூப்பிடுங்க!" என்றேன், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும்.

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. என் வீங்கின காலைப் பார்த்தார். பிறகு, "ரோடு போடப் போறாங்களாம். வண்டி வந்தா வருவயா கண்ணு?" என்று கேட்டார்.

"வாரேன். ஆனா ஒரு அடிகூட நடக்க மாட்டேன். அப்பறம் என்ற ஆட்டுக்கல்லும் என்கூடவே வரோணும்."

ஆட்டுக்கல் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்தது. மலை மேல் அவர்கள் வீட்டில் உரல் இருந்தது, சாமை குத்துவார்கள். இட்லிக்கு மாவாட்ட வழியில்லை. மூன்று வேளையும் களியும் சாமைச் சோறும் தின்று என்னால் காலந்தள்ள முடியாது என்று அந்த ஒரு வாரத்திலேயே முடிவுகட்டியிருந்தேன். "கல்லு ஏறாம நான் ஏற மாட்டேன்" என்றும் சொல்லிவைத்தேன். சும்மா சொல்லவில்லை, அடித்துச் சொன்னேன்.

அவ்வளவுதான். அவர் மேலே, நான் கீழே. சந்தை நாளில் தலைச்சுமையோடு இறங்கி வருவார். அன்னாசியில் நல்லதாக இரண்டை எனக்கென்று எடுத்துவைத்துவிட்டுத்தான் சந்தைக்கே போவார். திரும்பும்போது எங்கள் வீட்டில் உட்கார்ந்து என் கை இட்லி தின்பார், மறுபடி மலையேறுவார். "மாப்பிள்ளை எத்தனை நாளைக்குடி பொறுப்பாரு?" என்று அம்மா புலம்புவாள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. இந்த மனிதருக்கு அலுத்துப் போய்விட்டால்? ஒரு சந்தைக்கு வராமல் இருந்துவிட்டால்? ஆனாலும் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை விட்டு இறங்க வீம்பு விடவில்லை. சின்ன வயசு, கொழுப்பு, வேறென்ன சொல்ல.

இதற்கிடையில் ரோடு வேலை நடந்தது. கல் ஏற்றுகிற லாரியில் அவர் கிளீனராகச் சேர்ந்து, அப்படியே வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டார். ரோடு ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தபோது, அண்ணன் தம்பி மூவரும் மிளகு விற்ற பணத்தைச் சேர்த்து ஒரு பழைய வண்டி வாங்குவது என்று ஏற்பாடானது. அன்னாசியும் பலாவும் இனித் தலையில் இறங்க வேண்டாம். எந்த வண்டி என்று பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் போவதாகச் சொன்னார்.

அன்று காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்த கோலத்தை இன்றும் மறக்கவில்லை. தோளில் ஒரு சுருள் கற்றாழை நார்க்கயிறு. அவரே திரித்தது. பனியில் ஊறி, விறைத்துப்போய், சட்டையெல்லாம் ஈரம்.

"இது எதுக்குங்க, மாடா பிடிக்கப் போறோம்?" என்றேன்.

ரோட்டில் ஒரு வளைவு மற்றெல்லாவற்றையும்விட மோசம் என்றார். கல் லாரியே அங்கே முன்னும் பின்னும் போய்த்தான் திரும்புமாம். ஒருபக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். விடிந்ததும் பனியிலேயே அங்கே நின்று, சுவரிலிருந்து பள்ளத்து ஓரம் வரை கயிற்றைப் பிடித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருக்கிறார். இந்த முடிச்சுக்கும் அந்த முடிச்சுக்கும் நடுவில் ஒரே மூச்சில் திரும்புகிற வண்டிதான் நமக்கு ஆகும் என்றார். அடேயப்பா, மனுசனுக்கு மூளையைப் பார் என்று பெருமையாகத்தான் இருந்தது.

சேலத்தில் ஒரு பட்டறை. பட்டாளத்தில் கழித்த வண்டிகளை ஏலத்தில் எடுத்து, தட்டிக்கொட்டி விற்கிறவருடையது. வெயில் மண்டையைப் பிளந்தது. இவர் கயிற்றைத் தரையில் நீட்டி, முடிச்சுக்கு ஒரு கல்லாக இரண்டு கல்லை வைத்துவிட்டு, "இதுக்குள்ள திருப்பிக் காட்டுங்க" என்றார். பட்டறைக்காரர் வாயைப் பிளந்தார். கயிறு கொண்டுவந்து வண்டி வாங்குகிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லையாம்.

முதலில் ஒரு சின்ன லாரி. அது பாதித் திருப்பத்திலேயே கல்லைத் தள்ளிவிட்டது. அடுத்தது ஒரு ஜீப். பம்பரம் மாதிரி சுழன்றது, இரண்டு பக்கமும் இடம் மிச்சம். இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் போய்ப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஆள் உட்கார நாலு தகரப் பலகை, அவ்வளவுதான்.

"இதுல கல்லை வச்சா நான் இல்லை. நான் உட்கார்ந்தா கல்லு இல்லை. அன்னாசி மூட்டையை உங்க தலையில வச்சுக்கிட்டு ஓட்டுவீங்களா?" என்றேன்.

மூன்றாவதாக ஓரத்தில் நின்றது ஒரு பிக்கப். முன்னால் மூக்கு நீண்டு, பின்னால் பலகையடித்த திறந்த தொட்டியோடு, பச்சைப் பெயின்ட் உரிந்து கிடந்தது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆட்டுக்கல், என் பெட்டி, மூட்டைகள், ஏன், எங்கள் பசுங்கன்றைக்கூட ஏற்றலாம். பட்டறைக்காரர் திருப்பினார். முன்சக்கரம் கல்லை உரசி, உரசியபடியே திரும்பிவிட்டது. கல் அசையவில்லை.

இவர் குனிந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்தார். பிறகு என் பக்கம் பார்க்காமலே, "இதே இருக்கட்டும்" என்றார்.

நல்ல நாள் பார்த்து என்னையும் ஆட்டுக்கல்லையும் ஏற்றினார்கள். கல்லைத் தூக்க நாலு ஆள். என்னைத் தூக்க ஆள் வேண்டியிருக்கவில்லை, நானே குதித்து ஏறி முன்சீட்டில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா அழுதாள். எனக்கு அழுகையே வரவில்லை, ராணி மாதிரி இருந்தது. வளைவுக்கு வளைவு அடிவாரம் சிறுத்துக்கொண்டே போனது. இரண்டு இடத்தில் தண்ணீர் கொதித்து ஆவி பறக்க, நிறுத்தி ஓடைத் தண்ணீர் ஊற்றினார். நான் இறங்கவில்லை. காலை மடக்கி சீட்டின் மேலேயே வைத்துக்கொண்டேன். சொன்ன சொல் இருக்கிறதல்லவா!

அந்த வளைவு வந்தது. கயிற்றில் அளந்த வளைவு.

இவர் முழுசாக ஒடித்துத் திருப்பினார். வண்டி திரும்பியது, திரும்பியது, பிறகு மூக்கு பாறைச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு சாண் இடம் இருந்திருந்தால் போதும். பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். பின்னால் பள்ளம். ஹேண்ட் பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. இவர் பிரேக்கை மிதித்த காலை எடுக்க முடியாது. யாராவது இறங்கிப் பின்சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் கல் வைக்க வேண்டும். இருந்த ஒரே ஆள் நான்.

இறங்கு என்று அவர் சொல்லவில்லை. பிரேக்கை மிதித்தபடி, வேர்த்து வழிந்துகொண்டு, "மேல இருந்து யாராச்சும் வருவாங்க. நீ உட்காரு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! அவர் மேல் இல்லை, என் மேல்தான். இந்த மனுசன் காலை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார், நான் சபதத்தை மடியில் கட்டிக்கொண்டு காலைத் தூக்கி வைத்திருக்கிறேன். சீ என்று ஆகிவிட்டது. குதித்தேன். சுற்றிலும் சரளைக் கல்தான், அடைகொடுக்க ஒன்றும் ஆகாது. தொட்டியில் ஏறி ஆட்டுக்கல்லின் குழவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கி, பள்ளத்து ஓரத்தில் குறுக்காகப் போட்டேன்.

"வாங்க! வாங்க! இன்னும் வாங்க! நில்லுங்க!"

சக்கரம் குழவியில் மோதி நின்றது. மறுபடி முன்னால் எடுத்தார். வண்டி திரும்பி மேட்டில் ஏறியது. நான் குழவியைச் சுமந்துகொண்டு பின்னாலேயே ஓடினேன், மலை மண்ணில், வெறுங்காலோடு.

வண்டியில் ஏறினதும் அவர் என் காலைப் பார்த்தார். அன்றுதான் முதல்முறை அவர் வாய்விட்டுச் சிரித்துக் கேட்டேன்.

"காலு பட்டுருச்சு. பேரை மாத்தோணுமே. கல்லுக்காரின்னு வச்சுக்கலாமா?"

அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அம்மா அப்பா வைத்த பெயர் மலையில் யாருக்கும் தெரியாது.

பிறகு அந்த வண்டியோடு எங்கள் பிழைப்பு நடந்தது. அன்னாசி, பலா, மரவள்ளி, மிளகு, கல்யாணக் கூட்டம், காய்ச்சல்காரர்கள், ஒருதரம் முறைத்துக்கொண்டே வந்த ஒரு கிடா. தலைச்சுமையில் பழகின எங்கள் சனத்துக்கு வண்டி மேல் ரொம்ப இரக்கம். பழைய நடைபாதை ரோட்டைக் குறுக்கே வெட்டுகிற இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. அங்கே வந்ததும் தொட்டியைத் தட்டி நிறுத்தி, "வண்டிக்கும் மூச்சு வாங்குமல்லங்க" என்று ஆளுக்கொரு மூட்டையை இறக்கிவைத்து, வெற்றிலை போட்டு முடித்துத்தான் மறுபடி ஏற்றுவார்கள். இவரும் சரி சரி என்று நிற்பார். எனக்குத்தான் பொறுக்காது, கத்துவேன்.

ஒவ்வொரு நடைக்கும் நானும் போனேன். அந்த வளைவில் குழவி போட என்னைத் தவிர வேறு யாரையும் அவர் நம்பமாட்டார், நானும் விடமாட்டேன். குழவி வண்டியிலேயே கிடந்தது. ஆட்டுக்கல் வாசலில் கோழிகளுக்குத் தண்ணீர்த் தொட்டியானது. வேறு குழவி வாங்கித் தருவதாக அவர் சொன்னார். நான் வேண்டாமென்றேன். இத்தனை ரகளைக்குப் பிறகு நான் சாமைச் சோறுதான் தின்றேன், கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் பிடித்துப்போய்விட்டது.

அளவு எப்படித் தப்பியது என்பதையும் நானே கண்டுபிடித்தேன். கயிற்றுக் கட்டிலில் படுத்தவர்களுக்குத் தெரியும், மழைக்காலத்தில் கயிறு நனைந்து இழுத்துக்கொள்ளும், வெயிலில் தொய்ந்து நீளும். ஒருநாள் பனியில் அதே கயிற்றை வளைவில் பிடித்துப் பார்த்தேன், முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது. நல்ல வெயிலில் மறுநாள் பிடித்தேன், முடிச்சு பள்ளத்துக்கு வெளியே இரண்டு சாண் தொங்கியது. மனுசன் மலைப் பனியில் அளந்து சேலத்து வெயிலில் விரித்திருக்கிறார்! விடுவேனா? சந்தையிலும், கல்யாணத்திலும், கயிறு திரிக்கிற ஆண்கள் கூடுகிற இடத்திலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "கயிறு திரிக்கிற கைதான், அளக்கத்தான் தெரியாது!" அவர்களும் சிரிப்பார்கள், இவரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார்.

நாலைந்து வருஷம் கழித்து ரோட்டுக்காரர்கள் வந்து பாறைச் சுவரைச் செதுக்கி அந்த வளைவை அகலப்படுத்தினார்கள். நாங்கள் முதல்தடவை அதில் போனபோது வண்டி நிற்காமல் ஒரே மூச்சில் திரும்பிவிட்டது. திரும்பின பிறகும் பழக்கத்தில் இவர் நிறுத்தினார், நான் குழவியோடு இறங்கியும் விட்டேன். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

"இப்பத்தான் உங்க கயித்துக்கு ரோடு சரியாச்சு. நனைஞ்ச கயித்துல அளந்த மகராசா!" என்றேன்.

அவர் ஸ்டீரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கயிறு வெயில்ல நீளும்னு எனக்குத் தெரியாதா கண்ணு? சேலத்துல தொட்டுப் பார்த்தப்பவே தெரியும், இது திரும்பாதுன்னு."

"அப்பறம் ஏனுங்க வாங்குனீங்க?"

"கல்லு ஏறாம நான் ஏற மாட்டேன்னு சொன்னயே. ஜீப்பு திரும்பும், நீ வர மாட்டே. இது திரும்பாது, நீ வருவே. எதை வாங்கறது, நீயே சொல்லு."

இத்தனை வருஷம் ஊரைக் கூட்டிச் சிரித்திருக்கிறேன், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் இந்த மனிதர் கூடவே சிரித்திருக்கிறார். குழவியைத் தொட்டியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு வீடுவரை வந்தேன்.

வந்ததும் கோழிகளை விரட்டி ஆட்டுக்கல்லைத் தேய்த்துக் கழுவி, அரிசி உளுந்து ஊறப்போட்டு, சாயங்காலம் மாவாட்டினேன். சக்கரம் இடித்து இடித்துக் குழவியின் ஒரு பக்கம் பெயர்ந்துபோயிருந்தது, குழியில் சரியாக உட்காரவில்லை. மறுநாள் காலையில் இட்லி கொஞ்சம் கொரகொரவென்றுதான் வந்தது. அவர் எண்ணாமல் தின்றார், நான் எண்ணாமல் வைத்தேன்.