கொள்ளிச்சட்டியோடு நின்று வழி சொன்னவர்

மகளின் கல்யாணத்துக்குச் சொல்லப் போன இடத்தில் நடந்தது இது. போன வருடம், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நேரம். கண்டிப் பக்கம், கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதை. நாங்கள் அலவத்துகொடைக்காரர். என்னோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் அந்தத் தோட்டத்தில் இருக்கிறார். போனில் சொன்னால் அது அழைப்பாகுமா, நேரில்தான் போக வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

போனது என் கணவரின் ஜீப்பில். ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த வண்டி. அவருக்கு அதன் மேல் இருக்கிற பாசம் பிள்ளைகள் மேல் இருக்கிறதா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். கையால் இழுக்கிற ஹேண்ட் பிரேக் அதில் கிடையாது. ஒரு பட்டன் இருக்கிறது. அமத்தினால் பிடிக்கும், இன்னொரு தரம் அமத்தினால் விடும். கொஞ்ச நாளாக அதை அமத்தும்போதெல்லாம் பின்பக்கம் கரகரவென்று சத்தம் வந்தது. கராஜில் காட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

டீச்சர் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்கி வரும்போது, பாதையின் குறுக்கே ஒரு மரக்கிளை விழுந்து கிடந்தது. நல்ல இறக்கம். கணவர் ஜீப்பை நிறுத்திப் பட்டனை அமத்தினார். இருவரும் இறங்கிக் கிளையை இழுத்துப் போட்டுவிட்டு ஏறினோம். பட்டனை மறுபடி அமத்தினார். பின்னால் கரகரவென்ற அதே சத்தம், பிறகு ஒன்றுமில்லை. பின் சில்லுகள் இரண்டும் இறுகிப் போய்விட்டன. ஜீப்புக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஜப்பான் பாஷையில் திரும்பத் திரும்ப எதையோ சொன்னது.

"என்ன சொல்றா அவ?" என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் வெளங்குமா? பேசாம இரி" என்றார்.

வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்தால் அதுவும் ஜப்பான் பாஷை. போனில் காட்டி மொழிபெயர்க்கலாம் என்றால் அந்த வளைவில் சிக்னல் இல்லை. வீட்டில் என் பேச்சைத்தான் கேட்கவில்லை, அந்த ஜப்பான்காரியின் பேச்சையாவது கேட்டுப் பழகியிருக்கலாம் என்று நான் தொடங்கினேன். அப்போதுதான் மேலேயிருந்து தப்பு மேளம் அடிக்கிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தால், பூப்பாடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் இறங்கி வருகிறது. மயானத்துக்கு அந்த ஒரு பாதைதான். ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் ஆழமான தண்ணீர்க் கான், நடுவில் அடைத்துக்கொண்டு எங்கள் ஜீப். ஆட்கள் ஒதுங்கிப் போகலாம், பாடை போகாது. எங்கள் முஸ்லிம்களில், ஜனாஸாவை அடக்கத் தாமதிக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே சொல்லித்தான் வளர்ப்பார்கள். இங்கே நானே ஒரு மையித்தின் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறேன்.

தப்பு நின்றது. வாலிபர்கள் ஓடி வந்து தள்ளிப் பார்த்தார்கள், வண்டி அசையவில்லை. "கானுக்குள்ள போனா போகட்டும், பொரட்டித் தள்ளுங்கடா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. தோளில் பாரத்தோடு நிற்கிறவர்களுக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம் எடுக்க முடியுமா? தூக்கிய பாடையை நினைத்த இடத்தில் இறக்கக் கூடாதாம். சுமப்பவர்கள் தோள் மாற்றி மாற்றி நின்றார்கள்.

கூட்டத்துக்கு முன்னால் மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு ஒருவர் வந்தார். கையில் கயிற்றில் தொங்கிய கொள்ளிச்சட்டி புகைந்துகொண்டிருந்தது. இறந்து போனது அவருடைய அம்மா. அவர் ஜீப்பையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும் தள்ளாதீங்க" என்று முதலில் தன் ஆட்களிடம் சொன்னார். பிறகு என்னிடம், "அக்கா, பேராதனையில ஒரு ஐயாவுக்கு இதே மாதிரி வண்டிதான் நான் ஓட்டுறேன். எனக்கும் ஒருக்கா இப்படி எறுகிப் போச்சு. ஆனா கையில நெருப்பு இருக்கு, கிட்ட வர ஏலாது. சொல்லச் சொல்ல நீங்க செய்வீங்களா?" என்றார்.

அந்தச் சட்டியைக் கீழே வைக்கவும் கூடாது, இன்னொருவர் கையில் கொடுக்கவும் கூடாது. அதனால் அவர் எட்ட நின்றபடியே வழி சொல்லத் தொடங்கினார். முதலில் கல். வாலிபர்கள் பெரிய கற்களாகப் பார்த்து முன் சில்லுகளுக்கு அடியில் இறுக்கி வைத்தார்கள். பிறகு என் கணவரைப் பார்த்து, "நானா, நீங்க ஏறி உக்காந்து கால் பிரேக்க நல்லா மிதிச்சுக்கங்க. நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காதீங்க" என்றார். என் கணவர் வாழ்க்கையில் யார் சொல்லையும் அவ்வளவு உடனே கேட்டதை நான் பார்த்ததில்லை.

டிக்கியைத் திறந்தால் அது நிறைய மகளின் கல்யாணச் சாமான்கள். கண்டிக் கடைகளில் காலையில் வாங்கியது. மழையில் சேற்றில் எங்கே வைப்பது என்று நான் தடுமாறும்போதே, மையித்துக்கு வந்த வாலிபர்கள் ஆளுக்கொரு பெட்டியாக வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் தன் துவாயை எடுத்து ஒரு பெட்டியை மூடினார். பாடைக்குப் பக்கத்தில் கல்யாணப் பெட்டிகளோடு அவர்கள் நின்றார்கள்.

கார்பெட்டைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். வட்டமாக ஒரு ரப்பர் மூடி இருந்தது. அதைக் கழற்றி, டூல்ஸ் பையிலிருந்த நீளக் கம்பியைத் துளைக்குள் விட்டு இடப்பக்கமாகச் சுற்றச் சொன்னார். சுற்றினேன், சுற்றினேன், ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை. "விட்டுராதீங்க அக்கா. லேசுல விடாது. சுத்திக்கிட்டே இருங்க" என்றார். ஒருதரம்கூட அவர் குரல் உயரவில்லை. சட்டியில் நெருப்பு அவிந்துவிடாமல் இருக்க இடையிடையே குனிந்து ஊதிக்கொண்டார். என் கை எரிந்தது, கண்ணீர் வேறு வந்தது.

கடைசியில் டக்கென்று ஒரு சத்தம். அவர் சொன்னதும் கணவர் காலை மெதுவாகத் தூக்க, வண்டி லேசாக முன்னால் அசைந்து கற்களில் முட்டி நின்றது. பெட்டிகளை உள்ளே வைத்தார்கள், கற்களை எடுத்தார்கள். கணவர் மெதுவாக இறக்கிக் கொஞ்ச தூரத்தில் பாதை அகன்ற இடத்தில் ஒதுக்கினார். தப்பு மறுபடி ஒலித்தது. அவர் எங்களைக் கடந்து போகும்போது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு நடந்தார்.

ஊர்வலம் கண்ணுக்கு மறையும் வரை நாங்கள் கிளம்பவில்லை. அவர்களில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை, கீழ்ச் சந்தியோடு திரும்பிவிடுவார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களில் தலைவிரி கோலமாக இருந்த ஒரு பெண் நேராக எங்கள் ஜீப்பிடம் வந்தார். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. குரல் கம்மிப் போய், பாதிதான் வெளியே வந்தது.

"நீங்க எதிர்ல பட்டா சொல்லச் சொல்லி எங்க அண்ணே சொல்லிவுட்டுச்சு. அந்த பிரேக்கு இனிமே பிடிக்காதாம். எறக்கத்துல நிப்பாட்டிட்டு எறங்கிறாதீங்களாம். எங்க நிப்பாட்டினாலும் சில்லுக்குக் கல்லு வச்சிரணுமாம்."

சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனார். என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கண்டிக் கராஜில் உள்ளே இருந்த வயரை மாற்றினார்கள், பிரேக் இப்போது நன்றாகத்தான் பிடிக்கிறது. ஆனால் பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்க நடந்துகொண்டிருந்த ஒரு மனிதர், முன்பின் தெரியாத எங்கள் இருவருக்கும் வழியில் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று தங்கையிடம் சொல்லியனுப்பியதை நினைக்கும்போதெல்லாம், என் கவலை எனக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள என்னால் முடிவதில்லை.