குடல்வால் சொன்ன சாட்சி

ம்பராரா ஊர் ஆஸ்பத்திரியில் கட்டிச் சதைகளுக்குச் சாயம் போடுகிறவள் கெபிருங்கி. முதலில் நாலு வருஷம் அங்கே மைக்ராஸ்கோப்பில் வைக்கிற கண்ணாடித் தகடுகளைக் கழுவினாள். கழுவிக்கொண்டே பார்த்துப் பார்த்துப் படித்தாள். சாயம் போட ஆரம்பித்து இப்போது பத்தொன்பது வருஷம். ஒரு கண்ணாடிகூடத் தப்பானதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எலும்புக்கூடு மாதிரி நார் ஓடுகிறது. மார்பில் பால்குழாய்ச் செல்லின் நார், கட்டிப்போட்ட மாடு போல அதை இருந்த இடத்திலேயே இருக்க வைக்கும். புற்று வந்த செல் ஊர் சுற்றத் துணிந்துவிட்டால், வைமென்டின் என்கிற வேறு நாரைப் பின்னிக்கொள்ளும். கயிற்றை அறுத்துக்கொண்ட மாடுதான் அப்புறம். கெபிருங்கியின் சாயம் பட்டால் அந்த நார் பழுப்பாகத் தெரிந்துவிடும்.

அன்று கண்ணாடியில் இருந்தது இபாண்டாவில் பால் விற்கும் கதுஷாபேயின் மார்புக்கட்டி. புற்று என்பது முன்பே தெரியும். சாதுவா, முரடா என்பதுதான் கேள்வி. மூன்று மணிக்கு டாக்டர்கள் கூடுகிறார்கள். முரடு என்றால் கடுமையான மருந்து உடனே ஏறும். கதுஷாபே வெளியே பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது மணிக்கு டாக்டர் துமுஹிம்பிசே மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். சின்ன வயசு, அவசரக்காரர்.

"ஐயோ அக்கா, மொத்தமும் பழுப்பு. பாவம் அந்தம்மா. எழுதிடறேன்."

"பேனாவ வைங்க தம்பி. பக்கத்துல குடல்வாலப் பாத்தீங்களா?"

ஒவ்வொரு கண்ணாடியிலும் கட்டிக்குப் பக்கத்தில் நல்ல குடல்வால் துண்டு ஒன்றையும் ஒட்டிவைப்பது அவள் வழக்கம். அதன் தசை பழுப்பாக வேண்டும், உள்தோல் வெள்ளையாகவே நிற்க வேண்டும். சாயம் பொய் சொல்கிறதா என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

டாக்டர் கண்ணாடியை நகர்த்தினார். "உள்தோலும் பழுப்பாத்தான் இருக்கு."

"அந்தத் தோல் என்னிக்காச்சும் பழுப்பாகுமா?"

கெபிருங்கி போய்ச் சாயப்பெட்டியைத் திறந்தாள். பழைய சோற்றுப்பெட்டிதான் அது. சாயச்சொட்டு காயாமல் இருக்க உள்ளே ஈரப்பஞ்சு வைப்பாள். தொட்டாள். கரகரவென்றிருந்தது. முந்தின நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. பழைய ஈரமே போதும் என்று மூடிவிட்டுப் போயிருந்தாள். சொட்டு காய்ந்தால் சாயம் கண்டபடி எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும்.

யாருக்கும் தெரியாமல் பஞ்சை நனைத்து வைத்திருக்கலாம். ஆனாலும் சொன்னாள்.

"தப்பு என்னோடது. பஞ்ச நனைக்கல. இன்னொரு தடவ போடணும்."

"மூணு மணிக்குக் கூட்டம் அக்கா! பெரிய டாக்டர் என்னைத் தின்னுடுவார்."

"தின்னட்டும், உங்க உடம்புல சதை எங்க இருக்கு? நான் போட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் ஒரு வரி எழுதக் கூடாது."

பஞ்சைச் சொட்டச் சொட்ட நனைத்து மறுபடி ஆரம்பித்தாள். நடுவில் ஒரு தடவை வெளியே போனாள். கதுஷாபே எழுந்து நின்றாள்.

"முடிஞ்சுதா மகளே? முகத்த ஏன் இப்படி வச்சிருக்க?"

"என் தப்பால தாமதம்மா. டீ குடிச்சிட்டு வாங்க."

"டீயா? நான் விக்கிற பால விடத் தண்ணியா ஊத்தறான் இங்க. நான் எங்கயும் போகல."

இரண்டரைக்குப் புதுக் கண்ணாடி தயார். டாக்டர் முதலில் குடல்வாலைப் பார்த்தார். தசை பழுப்பு, உள்தோல் வெள்ளை. பிறகு கட்டியைப் பார்த்தார். கட்டிக்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் பழுப்பாக இருந்தன. சாயம் சதைக்குள் சரியாகத்தான் இறங்கியிருக்கிறது. சுற்றியிருந்த புற்றுச் செல்களில் மட்டும் பழுப்பு துளியும் இல்லை.

"அக்கா, கயித்துலதான் நிக்குது. மத்த பரிசோதனையும் இப்படியேதான் சொல்லுது. அறுத்து எடுத்துட்டு மாத்திரை போதும்னு நினைக்கறேன்."

கெபிருங்கி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு அப்போதுதான் முழுசாக இறங்கியது.

நாலரைக்குக் கூட்டம் முடிந்து டாக்டரே பெஞ்சுக்கு வந்து, அறுவையும் மாத்திரையும் போதும் என்று சொன்னார். கதுஷாபே ஒரு நிமிஷம் அழுதாள், பிறகு கேட்டாள்:

"அறுத்தப்புறம் எத்தன நாள்ல பால் கறக்கலாம்?"

"ஆறு வாரம்."

"மாடு அவ்வளவு நாள் காத்திருக்குமா? மருமக கையாலதான் கறக்கணும். அதுதான் பெரிய வியாதி."

உள்ளே கெபிருங்கி சிரித்துக்கொண்டே மறுநாளைக்கான பஞ்சை எடுத்தாள். வாளியில் தண்ணீர் பிடித்து வைத்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினாள்.