பூவாயி பின்னாலிருந்து கூப்பிட்டாள்

பெரகல சந்தியிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்குகிற பாதையில், பஸ் முக்கி முனகித் திரும்பும் ஒரு வளைவுக்கு மேலேதான் கல்மேட்டுத் தேயிலைத் தோட்டம். அதன் மேற்பிரிவில் பிறந்தவர் யாரையாவது பிடித்து, "உன்னைத் தூக்கி வளர்த்தது யாரப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். பெற்றவள் பேர் வராது. "பூவாயி ஆயம்மா" என்றுதான் வரும். பெற்றவளும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டாள். விடிந்ததும் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடி, பொழுது சாயக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வருகிறவள், பிள்ளை விளையாடுவதைக் கண்குளிரப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமையில்தான். மற்ற நாட்களில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டம் வைத்திருக்கும் பிள்ளைக்காம்பராதான் அதற்கு வீடு. அங்கே ஆயாவாக இருந்தவள் பூவாயி.

அவளும் ஒரு காலத்தில் கொழுந்தெடுத்தவள்தான். மழை நாளில் பாசிக் கல்லில் சறுக்கி விழுந்து வலது தோள் பிசகியது, பிசகினபடியே ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு கூடை தூக்க முடியவில்லை. அப்போது தோட்டத்தை நிர்வகித்த தொரை அவளைப் பிள்ளைக்காம்பராவில் போட்டார். கூடை ஏறாத அந்தத் தோளில் பிள்ளைகள் மட்டும் எப்படித்தான் சொகுசாக உட்கார்ந்துகொண்டார்களோ, அது அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். பிள்ளைக்குக் கண் கழுவாமல் கொண்டுவருகிற தாய்க்கு வாசலிலேயே அர்ச்சனை நடக்கும். "மாட்டுக் கன்டக் கூட நக்கித் தொடச்சி விடும்டி அதோட ஆத்தா" என்பாள். திட்டி முடிப்பதற்குள் பிள்ளை அவள் இடுப்புக்கு வந்திருக்கும். தொட்டில் கட்டுவதற்கு ஒவ்வொரு தாயும் முதல் நாள் தான் உடுத்திய சீலையைத் துவைக்காமல் கொடுக்க வேண்டும். தாய் வாசம் இருந்தால்தான் பிள்ளை தூங்குமாம். சொன்னால் சொன்னதுதான், துவைத்த சீலை கொண்டுவந்தவள் திரும்பத் தன் லயத்து வீட்டுக்கு ஓடியிருக்கிறாள்.

தோட்டங்களைக் கம்பனிகள் எடுத்துச் சில வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள், பூவாயியின் புருஷன் இராமையா செங்குத்து மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தான். தேயிலைச் செடிக்குள் குளவிக் கூடு இருந்தது அவனுக்குத் தெரியவில்லை. கத்தி அதில் பட்டுவிட்டது. கூட நின்றவர்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓடித் தப்பினார்கள். இராமையா லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டான். நல்ல மனுஷன். பெண்டாட்டியின் வாய்க்கு ஒரு நாளும் பதில் பேசாமல், சிரித்தே காலத்தை ஓட்டியவன்.

கருமாதி முடிந்து வேலைக்குப் போகலாம் என்று பூவாயி எழுந்தபோது காய்ச்சல் அடித்தது. சாதாரணக் காய்ச்சலா அது? நெருப்புக் காய்ச்சல் என்கிற டைபாய்டு. பதுளை பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பிழைத்து எழுந்தபோது தலைமயிரெல்லாம் கொட்டி, பாதி ஆளாக இருந்தாள். நல்லா சுகமாகிவிட்டது, பிள்ளைகளைத் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

ஊர் வந்து சேர்ந்தவளுக்கு வேறு சேதி காத்திருந்தது. அவள் இடத்தில், பயிற்சி முடித்த ஒரு பெண்ணைப் போட, பிரிவைப் பார்க்கிற சின்னதொரை ஏற்பாடு செய்துவிட்டாராம். அதுவரைக்கும் பக்கத்துப் பிரிவு ஆயாவை வரவழைத்துச் சமாளித்திருக்கிறார்கள். வேலை போனால் வேலை மட்டுமா போகும்? தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் ஒருவராவது இல்லாவிட்டால் லயத்துக் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள். புருஷனும் இல்லை. மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் மாமியாரோடு மல்லுக்கட்டுகிறாள். மலைக்குப் போகலாம் என்றால் தோள் விடாது. எங்கே போய் நிற்பாள்?

பெரிய கிளாக்கர் தர்மராசாவிடம் போனாள். யாழ்ப்பாணத்து மனுஷன், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நல்லது செய்கிற ரகம்.

"ஐயா, சாவும் நோவும் நானா கேட்டு வாங்கினேன்? வந்துருச்சுங்க. அதுக்காக பேர வெட்டிறாதீங்க."

"நான் வெட்டேல்ல பூவாயி. சொல்லுறதை வடிவாக் கேளும். சின்னதொரையோட கதைச்சனான். தாய்மார் பிள்ளையளை உம்மட்டை விட்டினம் எண்டால் நீர்தான் ஆயா. புருஷனும் செத்து, காய்ச்சலும் வந்த ஆளிட்டை விடுவினமோ எண்டு அவர் கேக்கிறார். திங்கக்கிழமை வந்து திறவும். பிள்ளையள் வந்தால் உமக்கு வேலை. வராட்டில் நான் ஒண்டும் செய்யேலாது."

நியாயமான பேச்சுத்தான். ஆனால் பூவாயியின் நெஞ்சில் அது முள்ளாகத் தைத்தது. தாய்மார் பிள்ளையை விடுவார்களா என்பது இல்லை அவள் கவலை. அவர்கள் விடியக்காலையில் பிள்ளையை விட்டுவிட்டு நேரே மலைக்குப் போகிறவர்கள். போகிற வழியில் முதல் முகமாகத் தாலியறுத்தவள் முகத்தில் முழிக்கலாமா? அதுவும் எந்த மலைக்கு? அந்த வாரம் செங்குத்து மலையில் கொழுந்து. இராமையாவைக் குளவி கொட்டிய அதே மலை.

பக்கத்துக் காம்பரா பெரியாயி வேறு எண்ணெய் ஊற்றினாள். "ஏதோ சொல்றேன்னு நெனைக்காத பூவாயி. ஒரு வருசமாச்சும் நல்லது கெட்டதுக்குப் போற ஆளுக முன்னால வராம இரு. அதுக பச்சப் புள்ளக்காரிக."

இப்போது படிக்கிற பிள்ளைகள் இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கட்டும். நானும் அதைத் தூக்கிப் பிடிக்க வரவில்லை. ஆனால் ஒன்று: தன் சோறும் கூரையும் போகப் போகிற நேரத்திலும், மலைக்குப் போகிற பெண்களுக்கு ஒரு கெடுதி வந்துவிடக் கூடாது என்று ஒருத்தி படுக்காமல் யோசித்தாள் பாருங்கள், அந்த மனசுக்கு என்ன பேர் வைப்பார்கள்?

யோசித்துப் பூவாயி ஒரு வழி கண்டுபிடித்தாள். வேலையும் போகக் கூடாது. முகமும் காட்டக் கூடாது. திங்கட்கிழமை விடியுமுன்பே போய்ப் பிள்ளைக்காம்பராவைத் திறந்தாள். கூட்டினாள், தொட்டில் கயிறுகளை இழுத்துப் பார்த்தாள், பாய் விரித்தாள். பின்பக்கக் குசினியில் அடுப்பை மூட்டிப் பாலை ஏற்றினாள். ஆட்களின் பேச்சுச் சத்தம் கேட்டதும் குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தாய்மார் வருவார்கள், தாங்களே தொட்டில் கட்டிப் போட்டுவிட்டுப் போவார்கள், அவர்கள் பெரட்டுக்கு இறங்கின பிறகு வெளியே வரலாம். இதுதான் அவள் கணக்கு. எவ்வளவு வெகுளி! கைப்பிள்ளையை ஆளில்லாத காம்பராவில் போட்டுவிட்டு எந்தத் தாய் போவாள்?

வந்தார்கள். ஒருத்தி பின் ஒருத்தியாக எல்லோருமே வந்தார்கள். சீலையும் பால் போத்தலுமாக வந்தார்கள்.

"ஆயம்மா... ஆயம்மோவ்."

பூவாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"என்னடி, ஆளக் காணோம்? கதவு தொறந்து கெடக்கு."

"இன்னும் ஏலாம இருக்கோ என்னமோ. பாவம்."

"பெரட்டுக் கொம்பு ஊதப் போறாங்க. தூக்குங்கடி புள்ளைகள, போவோம்."

காலடிச் சத்தம் படியிறங்கியது. அப்போதுதான் பூவாயிக்குத் தான் செய்துகொண்ட வினை விளங்கியது. பிள்ளைகள் போகின்றன, வேலை போகிறது. "நான் இங்கதான்டி இருக்கேன்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். வாய் திறந்தும் விட்டாள். ஆனால் வேலைக்குக் கால் எடுத்து வைத்தவளைப் பின்னாலிருந்து கூப்பிடலாமா? யார் கூப்பிட்டாலும் ஆகாது என்பார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் கூப்பிட்டால்? குளவி மலைக்குப் போகிறவளைக் கூப்பிட்டால்? ஊரையே வாயால் அடக்கி வைத்திருந்தவள், அந்த ஒரு சொல்லை விழுங்கிக்கொண்டு நின்றாள். சத்தம் தூரத்தில் போய்த் தேய்ந்தது. அடுப்படியில் உட்கார்ந்து, புருஷன் செத்த அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் அழுதாள். அடுப்பில் பால் பொங்கிப் புகைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கீழே பெரட்டுக் களத்தில், பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு பெண்கள் நிற்பதைப் பார்த்துச் சின்னதொரைக்கு எரிச்சல் வந்தது. ஆயா வரவில்லை என்றார்கள். "முடிஞ்சுது. புது ஆளை வரச் சொல்லுங்க" என்று கிளாக்கர் பக்கம் திரும்பினார். தர்மராசா தலையைக் குனிந்துகொண்டார்.

வரிசையில் தனுஜா நின்றாள். பூவாயியின் இடுப்பிலேயே வளர்ந்தவள். கல்யாணமாகி முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பெற்ற பெண் பிள்ளையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுபோயிருந்தாள். அவள் தற்செயலாக மேலே பார்த்தாள். பிள்ளைக்காம்பராக் குசினியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"ஆளில்லாத வீட்டுல அடுப்பு தன்னால எரியுதா?" என்றவள், பேர் கூப்பிடுகிற நேரம் என்றும் பாராமல் மேலே ஏறினாள். கங்காணி கத்தியதை அவள் காதில் வாங்கவே இல்லை.

குசினிக் கதவை இழுத்தாள். அடுப்படியில் பூவாயி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆயம்மா, ஒளிஞ்சு வெளையாடுறீங்களா?"

பூவாயி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பாக்காதடி. போயிரு. நீ மலைக்குப் போறவ."

"மலைக்குப் போறவதான். அதுக்கு?"

"அந்தக் குளவி மலைக்குத்தானடி போற. என் மொகத்துல முழிச்சிட்டுப் போய் ஒனக்கு ஒன்னு ஆச்சுன்னா, இந்தப் புள்ளைக்கு நான் என்னடி பதில் சொல்லுவேன்?"

தனுஜாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் அவளும் அந்த வாய்க்காரி வளர்த்த பிள்ளைதானே.

"அறிவிருக்கா ஆயம்மா ஒங்களுக்கு? எனக்கு ரெண்டு புள்ள போச்சே, அப்ப எவ மொகத்துல முழிச்சேன்? ரெண்டு தடவயும் நீங்க பூவும் பொட்டுமாத்தான் இந்த வாசல்ல நின்னீங்க. மாமா செத்தாரே, அன்னைக்கு அவரு முழிச்சதும் ஒங்க மஞ்ச மொகத்துலதான்."

தனுஜா பிள்ளையை அவிழ்த்து அவள் மடியில் வைத்தாள். தான் நேற்று உடுத்திய சீலையை எடுத்து அவள் பிசகின தோளில் போட்டாள். பிறகு கையைப் பிடித்து இழுத்து முன் வாசலுக்குக் கொண்டுவந்தாள். பிள்ளையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட முடியாமல் பூவாயி வந்தாள்.

"நான் இப்ப எறங்கிப் போறேன். நான் அந்த மொடக்குக்குப் போனதும், பின்னாலருந்து பேர் சொல்லி என்னக் கூப்பிடுங்க. கீழ நிக்கிற அத்தன பேருக்கும் கேக்கணும்."

"பைத்தியமாடி ஒனக்கு? முடியாதுடி."

"நீங்க கூப்பிடலைன்னா நான் வேலைக்கே போக மாட்டேன். பேர வெட்டட்டும். ரெண்டு பேரும் சேந்தே நடுத்தெருவுல நிப்போம்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கினாள். பாதை வளைகிற முடக்குக்குப் போனாள். நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

பூவாயியின் கையில் பிள்ளை நெளிந்தது. எத்தனை தெய்வம் உண்டோ அத்தனையையும் கும்பிட்டுவிட்டு, கூப்பிட்டாள்.

"தனுஜா."

சத்தம் போதவில்லை. அந்த முதுகு அசையவில்லை.

"ஏய் தனுஜா! புள்ளைக்குக் கண்ணு கழுவுனியாடி நீ?"

அந்தப் பழைய குரல் மலையெல்லாம் எதிரொலித்தது. கீழே பெரட்டுக் களத்தில் யாரோ ஒருத்தி சிரித்தாள். அவள்தான் முதலில் வரிசையை விட்டு விலகிப் பிள்ளையோடு மேலே ஏறினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். கடைசியாக, பேரனைத் தூக்கிக்கொண்டு பெரியாயியும் ஏறினாள். சின்னதொரை கிளாக்கரைப் பார்த்தார். தர்மராசா, "பிள்ளையள் போகுது, சேர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்றைக்கு முழுக்கப் பூவாயிக்கு உயிர் உயிராக இல்லை. பாலூட்டினாள், தொட்டில் ஆட்டினாள், கண்ணெல்லாம் செங்குத்து மலையில்தான் இருந்தது. மாலையில் பெண்கள் இறங்கி வந்தார்கள். தனுஜா எல்லோருக்கும் முன்னால் ஓட்டமும் நடையுமாக வந்து, வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்துச் சுற்றிக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கங்க ஆயம்மா. ஒரு அட்ட கூட கடிக்கல."

பூவாயி பார்த்தாள். காலிலிருந்து தலைவரைக்கும் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு, "கடிக்காம என்ன, கணுக்கால்ல ரத்தம் வடியுது பாரு, பொய்க்காரி" என்று முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் அந்தத் தோட்டத்தில் குளவி கொட்டியிருக்கிறது, சாவு விழுந்திருக்கிறது. யாரும் அதைப் பூவாயியின் தலையில் போடவில்லை. இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகும் பல வருடம், வயது முடிந்து விலகும் வரைக்கும், அவள்தான் அங்கே ஆயா. தனுஜாவின் மகள் அவள் இடுப்பிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடம் போனாள். இன்னொன்றும் நடந்தது. பிள்ளையை விட்டுவிட்டு இறங்குகிற பெண்கள் முடக்கில் சற்று நிற்பது வழக்கமாகிவிட்டது. மேலே இருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டு, பூவாயி ஏதாவது ஒன்று திட்டுவாள். அதைக் கேட்ட பிறகுதான் மலைக்குப் போவார்கள்.