செங்குடையம்மா

ஐம்பத்திரண்டு வயதில், மனைவியின் மஞ்சள் சேலையில் ஒரு முழம் கிழித்து, ஒரு செங்கல்லை அம்மனாக்கியவன் நான். அதுவும், சந்துக்குச் சந்து முளைக்கும் சாமிகளைக் கிண்டல் செய்தே கட்டுரை எழுதிப் பெயர் வாங்கியவன். தெய்வம், பேய், பிசாசு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதைச் சொல்லி முடித்த பிறகும் கிடையாது என்றுதான் சொல்வேன். குரல் மட்டும் கொஞ்சம் கம்மும்.

திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்பு வாசலில் ஒரு மயில்கொன்றை. சாத்தாங்காட்டுக்கு இரும்பு ஏற்றிப்போகும் டிரெய்லர்கள் கிளப்பும் புழுதியில் தெருவே பழுப்பு நிறம். கோடையில் அந்த மரம் மட்டும் வெட்கமில்லாமல் சிவக்கும். என் பால்கனிக்கு நிழல் அதுதான். அந்த நிழலில்தான் எழுதுகிறேன், அல்லது எழுதுவதுபோல் உட்கார்ந்திருக்கிறேன். சங்கச் செயலாளர் மோகன் புதுக் கார் வாங்கினார். பூ உதிர்ந்து காரில் ஒட்டுகிறதாம், திங்கட்கிழமை மரத்தை வெட்ட ஆள் சொல்லிவிட்டார். கூட்டத்தில் எழுந்து நிழல், பறவை, காற்று என்று உருகிப் பேசினேன். ஒருவர் கொட்டாவி விட்டார்.

ஆகவே ஞாயிறு மதியம், மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு குடியிருப்பே குறட்டை விடும் நேரத்தில் கீழே இறங்கினேன். பின்பக்கம் கிடந்த ஒரு செங்கல், மஞ்சள்தூள், குங்குமம், சேலைத்துண்டு. மரத்தடியில் உட்கார்ந்தால் சுலபமான வேலை. எழுந்தபோது, எழுதுகிறவன் புத்தி, பெயரில்லாமல் ஒரு சாமியா என்று தோன்றியது. தலைக்கு மேலே மரம் சிவப்புக் குடையாக விரிந்திருந்தது. செங்குடையம்மா என்று வைத்தேன். மனதுக்குள்தான். நம்பினால் நம்புங்கள், உதடுகூட அசையவில்லை.

மறுநாள் காலை ரம்பத்தோடு வந்தவர், மரத்தடியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

“அம்மன் கீது சார். நான் கை வெக்க மாட்டேன். புள்ளகுட்டிக்காரன்.”

“நேத்துவரைக்கும் இல்லியேப்பா!” என்றார் மோகன்.

“வர்றதுக்கு உன்கிட்ட பர்மிசன் கேட்டுகினு வருவாளா?”

நான் பால்கனியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். இத்தோடு முடிந்திருந்தால் இது வேறு கட்டுரை.

அப்போதுதான் முகத்துவாரக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் தேசம்மா வந்தார். கூடையை இறக்கினார். செங்கல்லை உற்றுப் பார்த்தார்.

“அடியே செங்குடையம்மா! இங்க வந்து குந்திகினியா நீ?”

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு எப்படிக் கீழே போனேன் என்று தெரியாது, அவர் எதிரில் நின்றேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

“எங்க குப்பத்து ஆத்தா, நைனா. நான் சின்னப் பொண்ணா இருக்கசொல்லோ கடலு கோயிலோட இஸ்துகினு பூட்ச்சி. வலை வுட்டுத் தேடினாங்கோ, கெடைக்கல. கடல் கொண்டுபோன சாமி பேரைக் கரையில சொல்லக்கூடாதுன்னு கட்டுப்பாடு. இத்தினி வருசம் கழிச்சு இன்னிக்குதான் சொல்றேன்.”

நான் ராயபுரத்தில் வளர்ந்தவன், எங்காவது காதில் விழுந்திருக்கும் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். யாரும் உச்சரிக்காத பெயர் எப்படிக் காதில் விழும்? அந்த வழியையும் இவர் அடைத்துவிட்டார். ஒரு வழிதான் மிச்சம்.

“அங்கேயும் இந்த மரம் இருந்ததாம்மா? அதனால் வந்த பெயரா?”

“கடலோரம் ஏது மரம்? வெறும் மணலு. ஏன் செங்குடைன்னு வெச்சாங்கோன்னு எங்க ஆளுங்களுக்கே தெரியாது.”

அண்ணாந்து பார்த்தார். ஒரு பூ கூடைக்குள் விழுந்தது.

“இப்பத்தான் தெரியுது,” என்றார்.

மரம் நிற்கிறது. மோகன் காரை அடுத்த தெருவில் விடுகிறார். அது நான் வைத்த செங்கல், நான் வைத்த பெயர். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் பால் வாங்கப் போகும்போது அந்த இடத்தில் கால் தானாகச் செருப்பை விடுகிறது. யாராவது பார்த்தால் முள் குத்தியதுபோல நடிக்கிறேன்.

கடைசியில் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கிழிந்த சேலையை மடித்தபடி கேட்டவள் சொன்னாள்: “பொண்ணுக்குப் பேர் வெக்க ஆறு மாசம் முழிச்ச ஆளு நீ. நின்ன எடத்துல ஒரு நல்ல பேரு வந்துச்சே, அது உன் மண்டையில இருந்து வந்ததில்லன்னு அப்பவே தெரிய வேணாம்?”