காப்பெலுக்கு வலது பக்க இருக்கையில்

லிவர்மோரில் எங்கள் வீட்டிலிருந்து டெக்சாஸில் உள்ள காப்பெலுக்குச் சுமார் ஆயிரத்து எழுநூறு மைல். விமானத்தில் மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். நாங்கள் காரில் கிளம்பினோம். இந்தக் கோடையோடு எனக்கு ரிடையர்மென்ட். கூடவே கார் ஓட்டுவதும் முடியப் போகிறது. கடைசியாக ஒரு நெடும்பயணத்தை நானே ஓட்டிவிட வேண்டும் என்ற பிடிவாதம்தான் காரணம்.

கண்ணில் அழுத்தம். இருட்டிலும் கூசும் வெயிலிலும் ஓட்டக்கூடாது, கொஞ்ச காலத்தில் பகலிலும் விட வேண்டியிருக்கும் என்று சான் பிரான்சிஸ்கோ கண் டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவி வசந்தாவுக்கு லைசென்ஸ் உண்டு. ஆனால் ஃப்ரீவே நெடுஞ்சாலையில் ஏற மாட்டாள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு லாரி உரசுவது போல் வந்ததோடு சரி. பிளெசன்டனுக்கு ஸ்டான்லி ரோடு, ஃப்ரீமான்ட்டுக்கு நைல்ஸ் பள்ளத்தாக்கு என்று ஊரைச் சுற்றி எல்லாக் குறுக்குப் பாதையும் அத்துப்படி. அரை மணி தாமதமாக வந்தாலும் வந்து சேர்ந்துவிடுவாள். ஆனால் பாலம் தாண்டிக் கண் டாக்டரிடம் போக லோக்கல் ரோடு ஏது?

ஆகவே லிவர்மோர் வீட்டை விற்றுவிட்டு மகள் நித்யாவின் பக்கத்தில் போய்விடுவது என்று முடிவாயிற்று. அவள் காப்பெலில் இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடத்தான் இந்தப் பயணம். வசந்தா எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றாள்.

முதல் நாள் வெயில் ஏறிய பிறகு கிளம்பினோம். பெட்ரோல் கேலன் 4.89 டாலர். ஆல்டமான்ட் காற்றாலைகள், பாதாம் தோட்டங்கள், பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அப்பால் மலை, பிறகு பாலைவனம். வசந்தா மிளகாய்ப் பொடி தடவிய இட்லியைப் பிய்த்து என் வாயில் வைத்துக்கொண்டே வந்தாள். இருட்டுமுன் பார்ஸ்டோவில் 92 டாலருக்கு அறை எடுத்தோம். மறுநாள் ஃபிளாக்ஸ்டாஃப். சுற்றிலும் பைன் மரங்கள், நல்ல குளிர்.

மூன்றாம் நாள் தூரம் அதிகம் என்று, என் விதியை நானே மீறி விடிந்ததும் கிளம்பினேன். கிழக்கு நோக்கிய பாதை. வின்ஸ்லோ தாண்டியதும் சூரியன் நேர் எதிரே வந்து நின்றது. கண்ணாடி முழுக்க வெள்ளை. திடீரென்று ஒரு லாரியின் பின்பக்கம் முன்னால் முளைத்தது. பிரேக்கை மிதித்தேன். பின்னாலிருந்து ஹாரன் காதைக் கிழித்தது. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்க் முன்னால் நிறுத்தினேன். உண்மையில் பயந்துவிட்டேன்.

வசந்தா தண்ணீர் கொடுத்தாள். பிறகு தன் போனை எடுத்தாள். ஃப்ரீவேயைத் தவிர்த்து வழிகாட்டும்படி அதில் போட்டு வைத்திருப்பதை அவள் ஒருநாளும் மாற்றியதில்லை. அது எங்கோ வடக்கே சுற்றிப் போகும் வழியைக் காட்டியது. கடைக்குள் போய் விசாரித்துவிட்டுத் திரும்பினாள்.

"வேற ரோடே இல்லையாமுங்க. இது ஒண்ணுதானாம்."

"வெயில் ஏறட்டும். உக்காந்துட்டுப் போலாம்."

"ஏனுங்க, நாளைக்கும் சூரியன் அங்கதானுங்க வரும். எந்திரிங்க, நான் ஓட்டறேன்."

இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடிகளைத் திருப்பினாள். "முருகா" என்று காரை ஃப்ரீவேக்கு ஏறும் சரிவில் விட்டாள். பக்கத்தில் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"அழுத்து. இன்னும் அழுத்து. இடது பக்கம் பாரு, இப்ப போ..."

"நீங்க பேசாம வந்தா நான் ஓட்டுவேனுங்க."

வாயை மூடிக்கொண்டேன். இரண்டு லாரிகளுக்கு நடுவே கார் நுழைந்து, சேர்ந்து, ஓடியது. அவள் விரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்திருந்தன.

சற்று நேரம் கழித்துத்தான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். சிவந்த மண், தொலைவில் தட்டையான குன்றுகள், சாலையை ஒட்டி முடிவில்லாத ஒரு சரக்கு ரயில். மலை தாண்டிக் குபெர்டினோவுக்கு வேலைக்குப் போய்வந்த இத்தனை வருடத்தில் நான் அதிகம் பார்த்தது முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கைத்தான். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு அழுகை வந்தது. வீட்டில் எனக்கென்று இருந்த ஒரு வேலை கையை விட்டுப் போய்விட்டது. அந்தத் துக்கத்தை மறைக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

கேலப் தாண்டியதும், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் வசந்தா பேசினாள்.

"எனக்கு லிவர்மோர்லயே இருக்கணுமுங்க. கோயில்ல நான் செய்யற சமையல், நம்ம வீடு, எல்லாம் அங்கதான். உங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக என்னால ஆகாதேன்னுதான் வாயத் தொறக்கல."

"இப்ப?"

"ஆல்புகர்க்கி வரட்டும். அங்க பெரிய மேம்பாலமெல்லாம் இருக்கில்லீங்க. அதத் தாண்டிட்டா சொல்றேன்."

ஆல்புகர்க்கியில் சாலைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுழன்றன. ஒருமுறை தடம் மாறி, கோபமான ஒரு ஹாரனை வாங்கிக்கொண்டு, தாண்டினாள். தன் போனில் ஃப்ரீவேயைத் தவிர்க்கும் அமைப்பை மாற்றச் சொன்னாள். மாற்றினேன்.

மறுநாள் மாலை காப்பெல். வழியில் அமரில்லோவில் பெட்ரோல் 2.69 டாலர்தான். நித்யா ஓடிவந்து, வழக்கம்போல் என்னைக் கட்டிக்கொள்ள டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"அம்மா! நீயா டிரைவ் பண்ணே? ஆர் யூ சீரியஸ்?"

"ஆமா கண்ணு. கால்தான் மரத்துப் போச்சு."

வீட்டைப் போய்ப் பார்த்தோம். மாடி ஏற வேண்டாம், வெளிச்சமான சமையலறை. குறை சொல்ல ஒன்றுமில்லை. நித்யா என் முகத்தைப் பார்த்தாள். நான் வசந்தாவைப் பார்த்தேன்.

"நல்ல வீடு கண்ணு. ஒருநாள் தேவைப்படும். இப்ப வேண்டாம்" என்றாள்.

நித்யாவின் முகம் வாடிவிட்டது. "வயசாகுதும்மா. ஐ வொரி" என்றாள்.

"எனக்கும்தான் கவலை. அதுக்காக இப்பவே வந்துரணுமா? வருஷத்துல ரெண்டு தடவை வர்றோம். வழிதான் தெரிஞ்சுபோச்சே."

இரண்டு வாரம் தங்கிவிட்டுக் கிளம்பினோம். பெட்டிகளை ஏற்றிவிட்டுப் பழக்கத்தில் இடது கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். பின்னால் வசந்தா சாவியோடு நின்றிருந்தாள். அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றேன். பிறகு கையை எடுத்து, காரைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

"பெல்ட்டப் போடுங்க" என்றாள். இத்தனை வருடமும் அதை நான்தான் அவளுக்குச் சொல்லிவந்தேன்.