கூடவே வந்த கழுதை

என் வீட்டுக்காரருக்குக் கோணல் என்றால் ஆகாது. அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சுவரில் படம் சாய்ந்திருந்தால் பேசுவது காதில் ஏறாது, கை துறுதுறுவென்று இருக்கும். லிஃப்ட் கம்பெனியில் பரிசோதகர் வேலை. தரையைவிட நூலளவு மேலே நின்றாலும் அந்த லிஃப்டை விடமாட்டார். வேலைக்கு அந்தக் குணம் வேண்டியதுதான். அதே வேலையை வீட்டிலும் பார்ப்பதுதான் என் பிரச்சினை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த ஒரே நண்பனுக்குப் பட்டப்பெயர் ஒட்டடை. ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமாம். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தபோது இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விளையாட்டு எழுதினார்கள். படம் கிடையாது, சத்தம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். 'வடக்கே போ' என்று தட்டினால் 'நீ சந்தைக்கு வந்திருக்கிறாய், இங்கே ஒரு கழுதை நிற்கிறது' என்று திரையில் வரும். பல பேர் ஒரே நேரத்தில் அந்த ஊருக்குள் நுழைந்து சுற்றலாம், அரட்டை அடிக்கலாம், சண்டை போடலாம். கோட்டையும் காவலர்களும் இவர் எழுதியது. சந்தையும் சந்துகளும் ஒட்டடை எழுதியது.

அதில் ஒரு சந்து மகா கோணல். வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் புறப்பட்ட இடம் வராது, வேறெங்கோ கொண்டுபோய் விடும். உள்ளே போனவர்கள் தொலைந்துபோய்க் கூப்பாடு போடுவார்கள், மற்றவர்கள் போய்க் கூட்டி வருவார்கள். இவருக்குப் பொறுக்குமா? நண்பனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தச் சந்து முழுவதையும் நேராக்கிவிட்டார். "உன் ஊரை நீயே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர்தான் ஒட்டடை. எங்கள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. இவர் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். ஆனால் ஒவ்வொரு முறை போன் நம்பர் மாறும்போதும் முதல் தகவல் ஒட்டடைக்குத்தான் போகும். பதில் வந்ததே இல்லை.

போன மாதம் வந்தது. ஒட்டடை மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு படுத்த படுக்கையாக இருக்கிறாராம். "நம்ம ஊரு இன்னும் இருக்காடா?" என்று கேட்டாராம். இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வா என்று இவர் சொல்லிவிட்டார். பச்சைப் பொய். ஊர் அலமாரியில் என் பழைய கைப்பைக்கு அடியில் ஒரு பழைய சிடிக்குள் கிடந்தது. அது ஓடி எத்தனையோ வருஷமாயிற்று.

மனிதர் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுகிற நிரலுக்குக் கம்பைலர் என்று பெயர். பழைய கம்பைலர் எதையும் கண்டுகொள்ளாத ஆசாமியாம். புதியது அச்சு அசல் என் வீட்டுக்காரர். முதல் முறை ஓடவிட்டபோது திரை முழுக்கப் பிழைகள், நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தன. பாவம், ஒடிந்துபோவார் என்று நினைத்தேன். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வேலை முடிந்து வந்ததும் அதில்தான் உட்கார்ந்தார். நான் காய் நறுக்கும்போது பக்கத்தில் நின்று விளக்கம் வேறு. இவர்கள் அன்று சொந்தமாக ஒன்றுக்கு வைத்த பெயரை அந்த நிரல்மொழி இப்போது தனக்கே எடுத்துக்கொண்டதாம். நம் வீட்டுக்கு வைத்த பெயரையே தெருவுக்கும் வைத்துவிட்டால் தபால்காரர் என்ன செய்வார் என்று கேட்டார். எனக்கெப்படித் தெரியும்?

சனிக்கிழமை ஊர் ஓடியது. பிழைகள் தீர்ந்து வெறும் எச்சரிக்கைகள் மட்டும் மிச்சம். ஓடுகிறதே, விட்டுவிடுங்கள் என்றேன். கேட்கிற ஆளா? ஒன்றுவிடாமல் துடைத்தெடுத்துவிட்டுக் கம்பைலர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடிப்பதைக் காட்ட என்னைக் கூப்பிட்டார். காலியான திரை. நன்றாக இருக்கிறது என்றேன், வேறு என்ன சொல்வது?

ஞாயிறு மத்தியானம் 'ஒட்டடை சந்தைக்கு வருகிறார்' என்று திரையில் வந்தது. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒட்டடை கிழக்கே போனார், மேற்கே போனார், மறுபடி சந்தைக்கு வந்தார். பிறகு எழுதினார்: "கழுதை ஏன்டா கூட வரல?"

இவர் பெருமையாக ஒரு பத்தி தட்டினார். கழுதையின் எசமான் யார் என்று ஒட்டடை அன்று குறிக்க மறந்துவிட்டாராம். அந்தக் காலி இடத்தில் கிடந்த குப்பை தற்செயலாகக் கடைசியாகச் சந்தைக்கு வந்தவரின் எண்ணாக இருந்திருக்கிறது. அதனால்தான் வந்தவர் பின்னாலெல்லாம் கழுதை போயிருக்கிறது. எசமான் இல்லை என்று இப்போது சரியாகக் குறித்தாயிற்று, இனி நின்ற இடத்தில் நிற்கும்.

"ஓ" என்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கால் வலிக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று வந்தது. அடுத்த வரி, 'ஒட்டடை ஊரை விட்டுப் போகிறார்.'

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மறுபடியும் அவர் செருப்பை அடுக்கி வெச்சிட்டீங்க" என்றேன்.

"தப்பா இருந்துச்சே" என்றார்.

"தப்பாத்தான் இருந்துச்சு. அதைத் தேடித்தானே வந்தாரு?"

முகம் தொங்கிப்போயிற்று. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பிறகு திருத்தத்தை நீக்கிப் பார்த்தார். புது இயந்திரத்தில் குப்பையும் புதுசு போலிருக்கிறது, கழுதை கோட்டைக் காவலன் பின்னால் போய் நின்றது. ஆக, அந்தப் பிழையை இப்போது ஒழுங்காக உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று. தப்பு செய்ய இவ்வளவு பாடுபட்ட மனிதரை நான் கண்டதில்லை.

கழுதை சரியானதும், நான் சொல்லாமலே, அன்று நேராக்கிய சந்துக்கான நிரலைத் திறந்தார். பழைய வழி எங்கும் பாக்கி இல்லை, புதிதாகத்தான் கோணலாக்க வேண்டும். ஆக்கிக் காட்டினார். ஒவ்வொரு திருப்பமும் ஒரே அளவு, ஒரே பக்கம். கோணலிலும் வரிசை பிடித்து வைத்திருக்கிறார். இது தேறாது என்று ஒரு தாளைப் பிடுங்கி நானே கிறுக்கிக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அதை அப்படியே ஏற்றினார். கழுதை வந்துவிட்டது என்று மட்டும் ஒட்டடைக்குச் செய்தி அனுப்பினார்.

பதில் இல்லை. அந்த வாரம் முழுக்கச் சாப்பிடும்போதும் போன் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஞாயிறு மத்தியானம் 'ஒட்டடை சந்தைக்கு வருகிறார்' என்று வந்தது. கீழேயே, 'கழுதை அவர் பின்னால் வருகிறது.' சந்தையை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஒட்டடை சந்துக்குள் நுழைந்தார். அப்புறம் திரையில் ஒன்றும் இல்லை. இவர் விரல்களைச் சொடுக்கிச் சொடுக்கி எனக்கே கை வலித்தது.

"டேய், தொலைஞ்சு போயிட்டேன். வந்து கூட்டிட்டுப் போ."

அதை எனக்கு வாசித்துக் காட்டினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு 'வடக்கே போ' என்று தட்டினார்.

போய் அவரும் தொலைந்தார். கிறுக்கியது நான், வழி அவருக்கு எங்கே தெரியும்? சாயங்காலம் வரை இரண்டு பேரும் உள்ளேயே ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு சுற்றினார்கள். நடுவில் எழுந்து வந்து, சந்து எங்கே முடிகிறது என்று என்னிடம் கேட்டார். மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.