நூத்துக்கு ஒண்ணு

கைக்குட்டையை நாலாக மடித்து, வாயால் ஒரு ஊது ஊதி, கம்ப்யூட்டர் திரையைத் துடைக்கிறார் குமாஸ்தா. ஒரு கோப்பைத் திறக்கிறார். மறுபடியும் துடைக்கிறார். அழுக்கு கண்ணாடியில் இல்லை, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்கேன் எடுத்த படத்திலேயே இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் துடைக்கிறார். நகராட்சி ஆவணப் பிரிவில் காலை பத்து மணிக்கு நடக்கும் ஒரே வேலை இதுதான் என்று மற்ற மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள். வேலை செய்யாதவர்களுக்கு அடுத்தவன் வேலை எப்போதுமே சிரிப்புதான்.

ஒரு நாளைக்கு இருபது கோப்பு. யாரும் சொல்லவில்லை, அவராகவே வைத்துக்கொண்ட வழக்கம். திறக்கிறதா, எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பார். திறக்காவிட்டால், "போச்சு, இதுவும் மண்டையைப் போட்டுடுச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டு அதிகாரிக்கு ஒரு குறிப்பு அனுப்புவார். அந்தக் குறிப்புகளுக்குப் பதில் வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'நூத்துக்கு ஒண்ணு'. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனால் அவருக்குக் காது நல்ல காது. ஊர்க் காகிதம் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம் என்று ஒரு கம்பெனிக்குக் காண்டிராக்ட் விட்டார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. நூறு பக்கத்துக்கு ஒரு பக்கம் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுவது இவர் வேலை. நூறாவது, இருநூறாவது, முந்நூறாவது என்று ஒழுங்காகத்தான் பார்த்தார். எல்லாம் பளிச்சென்று இருந்தன. இருக்காதா பின்னே? இவர் எதைப் பார்ப்பார் என்று ஸ்கேன் எடுத்தவர்களுக்கும் தெரியுமே! நூறாவது பக்கத்தை மட்டும் பக்குவமாக எடுத்தார்கள். நடுவில் அலுப்புத் தட்டிய இடங்களில் ஒரே தாளை வைத்துப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். எண்ணிக்கை கச்சிதமாக வந்தது. இவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தை நம்பிக் காகிதம் முழுவதையும் லாரியில் ஏற்றிக் கூழாக்க அனுப்பினார்கள். ரிப்பன் வெட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போட்டோவில் இரண்டாவது வரிசையில் இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

குட்டு வெளிப்பட்டது போன வருஷம். சாலை போடுவதற்காக ஆற்றங்கரை வீடுகளை இடித்தார்கள். பழைய கணக்கெடுப்புப் பதிவேட்டில் பெயர் இருப்பவர்களுக்கு மாற்று வீடு என்று அறிவிப்பு வந்தது. ஜனங்கள் நகல் கேட்டு வரிசையில் நின்றார்கள். வீட்டுக்கு ஒரு பக்கம் என்று எழுதிய அந்தப் பதிவேட்டை இவர் அப்போதுதான் கம்ப்யூட்டரில் புரட்டிப் பார்த்தார். முப்பத்தோராவது வீட்டில் ஒரு செருப்புத் தைப்பவர். முப்பத்திரண்டிலும் அவரேதான். முப்பத்து மூன்றிலும் அவர். தொண்ணூற்றொன்பது வரைக்கும் அவரேதான். நூறாவது வீட்டில் மட்டும் யோக்கியமாக வேறொரு குடும்பம் இருந்தது.

"ஒரே மனுஷனுக்கு அறுபத்தொம்பது வீடு! கடைசியில மாத்து வீடு கைக்கு வர்றதுக்குள்ள, வாடகை ரூம்லயே போய்ச் சேர்ந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு இவரே சிரிப்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது. இந்தக் குளறுபடியை அதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது ஒரே கேள்விதான் வந்தது: "சரின்னு கையெழுத்துப் போட்டது யாரு?" அதோடு மேஜைக்குத் திரும்பினார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த இருபது கோப்பு.

வீட்டில் மனைவியும் விடுவதில்லை. "இன்னும் எட்டு மாசம். வாயை மூடிக்கிட்டு ரிட்டையர் ஆகற வழியைப் பாருங்க. பென்ஷனுக்கு உலை வச்சிடாதீங்க."

மூடிக்கொண்டுதான் இருந்தார். நகல் கொடுக்க முடியாவிட்டால் கம்ப்யூட்டர் காரணம் கேட்கும். அதில் இருப்பதே இரண்டு காரணம்தான். 'அப்படி ஒரு பதிவு இல்லை' என்பது ஒன்று. 'விண்ணப்பதாரர் தந்த விவரம் தவறு' என்பது இன்னொன்று. நாங்கள் தொலைத்துவிட்டோம் என்று ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பது அதை எழுதிய புண்ணியவானுக்குத் தோன்றவேயில்லை. முதலாவதை அழுத்தினால் அந்த ஆளின் மனு அத்தோடு மூடப்படும். இரண்டாவதை அழுத்தினால் திரும்ப மனுப் போடலாம். அதனால் வருகிற எல்லோருக்கும் 'விவரம் தவறு' என்றே அச்சடித்துக் கொடுத்தார். உபகாரம் என்று நினைத்துத்தான் செய்தார். ஒரு பெரியவர் யோசித்து யோசித்து, தன் அப்பா பெயரையே மாற்றி எழுதிக்கொண்டு திரும்பி வந்தார்.

போன புதன்கிழமை ஒரு தையற்கார அம்மா நாலாவது முறையாக வந்தாள். நாற்பத்தாறாம் நம்பர் வீடு அவளுடையது. அந்த வாரம் வெள்ளிக்கிழமையோடு மாற்று வீட்டுப் பட்டியலை மூடுகிறார்கள், அதற்குப் பிறகு மனுவே வாங்கமாட்டார்கள். இவர் வழக்கம்போல் அச்சடித்த சீட்டைக் கவுன்டர் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். அவள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் இவர் தப்பித்திருப்பார்.

"எதைத் தப்பாச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடுங்க சார், திருத்திக்கிறேன். கதவு நம்பர் சரிதான், அந்தக் கதவுக்கு நான்தான் பெயின்ட் அடிச்சேன். அப்பா பேருதான் வேறயா? எனக்குத்தான் தெரியாமப் போச்சா?"

பொதுமக்கள் பார்க்கக் கூடாது என்று ஸ்டிக்கர் ஒட்டிய திரையை இவர் அப்படியே அவள் பக்கம் திருப்பினார். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார்.

"இது செருப்புக் கடை அண்ணன் வீடாச்சே" என்றாள் அவள். இன்னும் நாலு பக்கம் பார்த்த பிறகு, "எங்க வீடு எங்கே சார்?" என்று கேட்டாள்.

சீட்டை அவளிடமிருந்து திரும்ப வாங்கினார். அச்சடித்த வரியைப் பேனாவால் அடித்தார். அதற்குக் கீழே நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'இவர் தந்த விவரம் சரி. பதிவைத் தொலைத்தது இந்த அலுவலகம். சரிபார்க்காமலே சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்.' முழுக் கையெழுத்தையும் பதவியையும் போட்டார்.

அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியையும் விடாமல் வாசித்தாள்: கையால் திருத்தினால் செல்லாது.

"அப்ப இது செல்லுமா சார்?"

"செல்லாதும்மா" என்று சொல்லிக்கொண்டே முத்திரைக் கட்டையை மையில் ஒற்றி எடுத்து, தன் கையெழுத்தின் மேல் ஓங்கிக் குத்தினார்.